விக்கிவழி ஆவண மறுஆய்வு: ஒரு மதிப்பீடு

ஆர்ச்விக்கி என்பது ஆர்ச் லினக்ஸ் இயங்குதளத்தின் பயன்பாட்டு ஆவணங்களைத் தன்னார்வலர்கள் எழுதிப் பேணும் விக்கி. இது மீடியாவிக்கி மென்பொருளில் இயங்குகிறது. பிழை காண்பவர் உடனே திருத்தலாம். உறுதியில்லை எனில், 'காலாவதியானது', 'துல்லியம் ஐயத்திற்குரியது' போன்ற வார்ப்புருவைக் காரணத்துடன் இட்டுப் பேச்சுப் பக்கத்தில் உரையாடலாம்.

வெளிப்படைத்தன்மையே இம்முறையின் நிறை. பழைய கட்டளையை நம்பினால் கணினியே தொடங்காமல் போகலாம். அந்த எச்சரிக்கை வாசகருக்கு உரிய இடத்திலேயே கிடைக்கிறது. குறியிட்ட பக்கங்கள் பகுப்புகளில் தாமாகச் சேர்வதால் தனி வேலைப்பட்டியலும் தேவையில்லை.

குறையும் இந்த எளிமையில்தான் உள்ளது. குறியிடுவது நொடி வேலை. சரிபார்க்கக் கணினியில் செய்து பார்க்க வேண்டும். அதை யார், எப்போது செய்வார் என வார்ப்புரு சொல்வதில்லை. குறியில்லாத பக்கம் சரிபார்க்கப்பட்டதா, எவரும் பார்க்காததா என்றும் தெரியாது.

நூல்களை எண்ணிமமாக்கும் விக்கிமூலத்தில் இந்தக் குழப்பம் குறைவு. ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கம் மஞ்சள். வேறொருவர் சரிபார்த்த பின்பே பச்சை. மெய்ப்புப் பார்த்தவரே பச்சையாக்க மென்பொருள் விடாது. ஆனால் அங்கே ஒப்பிட மாறாத அச்சுநூல் உண்டு. மென்பொருளோ மாறிக்கொண்டே இருப்பது. எனவே ஆவண விக்கிக்கு இரண்டாமவரின் ஒப்புதல் மட்டும் போதாது; எந்தப் பதிப்பில், எந்த நாளில் சோதிக்கப்பட்டது என்ற குறிப்பும் வேண்டும்.