பேயான வீட்டைப் பார்ப்பது எப்படி?

கிழக்கிலங்கையின் கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ பேய்க் காட்டூன் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், "அதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு" என்ற மறுமொழிதான் கிடைக்கிறது. பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துவிட்டு வாப்பாவும் உம்மாவும் எழுந்து போய்விடுகிறார்கள். பிள்ளை தனியே பார்க்கிறது, தனியே பயப்படுகிறது. பெரியவர்களுக்கு ஒரு நல்ல கலை கைநழுவிப் போகிறது. இதைப் பார்த்துப் பார்த்து ஆத்திரம் வந்துதான் எழுத உட்கார்ந்தேன்.

அடிப்படையை முதலில் முடித்துவிடுவோம். இங்கே நான் எடுத்துக்கொண்ட காட்டூன் படங்கள் மூன்று வழிகளில் உருவானவை. முதல் வழியில் பொம்மையைச் சிறிது சிறிதாக அசைத்து ஒவ்வொரு அசைவையும் படம் பிடிப்பார்கள். திரையில் ஒரு விநாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடும். ஹென்றி செலிக் இயக்கிய 'கோரலைன்' (2009) அப்படிப்பட்டது. இரண்டாவது வழியில் எல்லாமே கணினியில் வரைந்து அசைக்கப்படும். 'ஹோட்டல் டிரான்சில்வேனியா' (2012) அந்த வகை. மூன்றாவது வழியில் நடிகர்கள் உண்மையாகவே நடிப்பார்கள், அவர்களின் அசைவைப் பதிந்து கணினி உருவங்களுக்கு ஏற்றுவார்கள். கில் கெனன் இயக்கிய 'மான்ஸ்டர் ஹவுஸ்' (2006) இப்படி உருவானது. இவ்வளவு தெரிந்தால் போதும். "கிராபிக்ஸ் பிரமாதம்" என்று எழுதிவிட்டு ஒதுங்கும் விமர்சகர்களுக்கு இதற்கு மேல் தெரியாது. உங்களுக்கும் தேவையில்லை.

பழகிப் பார்க்க 'மான்ஸ்டர் ஹவுஸ்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டிஜே என்ற பையனின் எதிர்வீட்டுக் கிழவர் நெபர்கிராக்கர் தன் வளவுக்குள் கால் வைக்கும் பிள்ளைகளை விரட்டுகிறார், உள்ளே விழும் விளையாட்டுச் சாமான்களைப் பறித்துக்கொள்கிறார். ஒருநாள் அவர் மயங்கி விழ, ஆம்புலன்ஸ் தூக்கிப் போகிறது. அதன்பின் ஆளில்லாத அந்த வீட்டிலிருந்து டிஜேக்குத் தொலைபேசி அழைப்பு வருகிறது. வீட்டுக்கு உயிர் இருக்கிறது என்று டிஜேயும் அவன் தோழன் சௌடரும் ஜெனி என்ற சிறுமியும் கண்டுபிடிக்கிறார்கள்.

நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. வீட்டை வைத்து எடுத்த பேய்ப்படம் எதுவானாலும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று, பேய் குடியிருக்கிற வீடு. மற்றது, பேயாகவே ஆகிவிட்ட வீடு. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் ஒரு படத்தின் பலமும் பலவீனமும் பாதி விளங்கிவிடும்.

பேய் குடியிருக்கிற வீட்டில் வீட்டுக்கு வேலையில்லை. தமிழ்ப் பேய் நகைச்சுவைப் படங்களை நினைத்துப் பாருங்கள். 'அரண்மனை' (2014) என்று வீட்டின் பெயரையே வைத்தார்கள். ஆனால் அந்த மாளிகையிலிருந்து பேயை எடுத்துவிட்டால் எஞ்சுவது ஒரு படப்பிடிப்புத் தளம். அதே பேயை ஒரு பாடசாலைக்கோ ஆஸ்பத்திரிக்கோ மாற்றினாலும் கதை அப்படியே ஓடும். 'ஹோட்டல் டிரான்சில்வேனியா'வும் இந்தப் பக்கம்தான். டிராகுலா நடத்த, அவன் கூட்டாளிகள் தங்கிப் போகிற விடுதி அது. சிரிக்கலாம், மறக்கலாம். அதை மேலோட்டமான படம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

பேயான வீடு வேறு. 'மான்ஸ்டர் ஹவுஸி'ல் வாசல் பலகைகள் பெயர்ந்து பல்லாகின்றன, தரைவிரிப்பு நாக்காக நீள்கிறது, மரங்கள் கைகளாகின்றன. வித்தை காட்டுவதற்காக இதைச் செய்யவில்லை. அந்த வீடு கிழவரின் மனைவி கான்ஸ்டன்ஸ். சர்க்கஸில் கூண்டுக்குள் வைத்துக் காட்டப்பட்ட பருமனான பெண். அவளை அங்கிருந்து மீட்டு, காதலித்து, அவளுக்காக ஒரு வீடு கட்டத் தொடங்குகிறார் நெபர்கிராக்கர். பிள்ளைகள் சீண்டுகிற ஒரு நாளில் அவள் அத்திவாரக் குழிக்குள் விழுந்து சீமெந்துக்குள் புதைந்துபோகிறாள். அவர் வீட்டைக் கட்டி முடிக்கிறார். அவளுடைய கோபம் அதற்குள் குடியேறிவிடுகிறது. அவர் பிள்ளைகளை விரட்டியது அவர்களைக் காப்பாற்றத்தான்.

இந்தக் கதை உலகத்தில் வேறு யாரையும்விட நமக்கு நன்றாகப் புரிய வேண்டும். மகள் பிறந்தால் அவளுக்கு வீடு கட்டுவதைப் பற்றி நினைக்கத் தொடங்குகிற ஊர்கள் நம்முடையவை. மருதமுனையிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் வீடு பெண்ணுக்குரியது, மாப்பிள்ளைதான் அங்கே வந்து சேர்கிறார். ஒரு வீட்டைப் பார்த்து அது இன்னாருடைய உம்மாவின் வீடு, இன்னாருடைய ராத்தாவின் வீடு என்றுதான் அடையாளம் சொல்கிறோம். அப்படிப்பட்ட நமக்கு, ஒரு பெண் வீடாகவே ஆகிவிட்டாள் என்பது வெறும் கற்பனையாகத் தோன்றுமா? மஃரிப் நேரத்தில் பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிடுகிற உம்மாமார் நம்முடையவர்கள். ஜின்னைப் பற்றி ஓதும் பள்ளியிலேயே கேட்டு வளர்கிற பிள்ளைகள் நம்முடையவர்கள். அந்திக்கும் அச்சத்துக்கும் உள்ள தொடர்பை யாரும் நமக்குப் படிப்பிக்கத் தேவையில்லை.

பேயான வீட்டைக் காட்டுவதில் 'கோரலைன்', 'மான்ஸ்டர் ஹவுஸை'விட ஒருபடி நுட்பமானது. கோரலைன் என்ற சிறுமி தன் வீட்டில் கண்டுபிடிக்கிற சிறிய கதவுக்கு அப்பால் அதே வீடு, ஆனால் இன்னும் அழகாக, ருசியான சாப்பாட்டோடு, கண்களுக்குப் பதிலாகப் பொத்தான் தைத்த இன்னொரு அம்மாவோடு. தோட்டத்தை உயரத்திலிருந்து பார்த்தால் கோரலைனின் முகமே பூக்களால் ஆகியிருக்கும். அங்கிருந்து விலகி நடந்தால் உலகம் வெளிறிக் காணாமல் போய், நடந்தவள் திரும்பவும் அதே வீட்டு வாசலுக்கு வந்து சேர்வாள். கடைசியில் அந்த வீட்டின் அறையே சிலந்தி வலையாகிவிடும். வீடு ஒரு தூண்டிலின் இரை மாதிரி போடப்பட்டிருக்கிறது என்பதை இப்படம் வார்த்தையில்லாமல் சொல்கிறது. ரசிக்க வேண்டியது இதைத்தான். திடுக்கிட வைக்கிற இடங்களை எண்ணிக்கொண்டிருப்பது வீண் வேலை. முடிவை விளக்கி யூடியூபில் போடுகிற காணொளிகளைப் படம் பார்க்கும் முன் திறந்துவிடாதீர்கள், அவை படத்தைக் கொன்றுவிடும்.

'மான்ஸ்டர் ஹவுஸி'ல் குறைகளும் உண்டு, மறைக்க மாட்டேன். பிள்ளைகளின் முகங்களில் உயிர் குறைவு. வீட்டின் சன்னல்கள் பேசுகிற அளவுக்கு அவர்களின் கண்கள் பேசவில்லை. கடைசிப் பகுதியில் வீடு அத்திவாரத்தைப் பிடுங்கிக்கொண்டு தெருவில் ஓடுகிறது. அந்த நொடியில் அது வீடாக இருப்பதை விட்டு, வேறு எந்தப் படத்திலும் வரக்கூடிய ராட்சத உருவமாகிவிடுகிறது. அந்த வீடு விழுங்கிய ஆட்கள், இறுதிப் பெயர்ப்பட்டியல் ஓடும்போது பத்திரமாக வெளியே வருவதும் பயத்தின் பெறுமதியைக் குறைக்கிறது. எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது கான்ஸ்டன்ஸின் பருமன். அவளைப் பார்த்துச் சிரித்தவர்களைக் கண்டிக்கிற படம், அவள் உடம்பை வைத்துத் தானும் பயமுறுத்துகிறது.

ஆனாலும் ஓர் இடத்துக்காக எல்லாவற்றையும் மன்னிப்பேன், உங்களுக்குச் சொல்வதில் வெட்கமில்லை. இறுதியில் கிழவர் தன் மனைவியான அந்த வீட்டின் முன்னால் நின்று, கோபக்காரியைச் சமாதானப்படுத்துகிற கணவனாக மெதுவாகப் பேசுகிறார். 45 ஆண்டுகள் அவளோடு அடைபட்டுக் கிடந்தவர். அவருக்கு விடுதலையும் வேண்டும், அவளை இழக்கவும் மனமில்லை. அந்த முகத்தைப் பாருங்கள். குடும்பத்தோடு பார்க்கிற படம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும். பிள்ளைக்குப் பேய்க்கதை, பெரியவருக்குத் தாம்பத்தியக் கதை, இரண்டும் ஒரே காட்சியில்.

ஏழெட்டு வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்கு இரண்டு படமும் வேண்டாம். மற்றவர்கள் 'மான்ஸ்டர் ஹவுஸி'ல் தொடங்கி 'கோரலைனு'க்குப் போங்கள், பெரியவர்களும் கூடவே உட்காருங்கள்.