மொய் எழுதிவிட்டுத் திரும்புகிறவர்: தலை-கழுத்துப் புற்றுநோயும் வாழ்க்கைத் தர அளவுகோல்களும்

நாக்கிலோ தாடையிலோ வந்த புற்றை வெட்டியெடுத்த பிறகு ஒருவருக்கு வாழ்க்கை எவ்வளவு மிச்சம்? இதற்கு எண்ணில் பதில் சொல்லும் முயற்சி மருத்துவச் சொல்லாடலுக்குப் புதிதில்லை. 1948இல் கார்னோஃப்ஸ்கியும் சகாக்களும் முன்வைத்த அளவுகோல் 100இல் தொடங்கி 0இல் முடிகிறது. 0 என்றால் சாவு. தன்னைத் தானே பார்த்துக்கொள்வார், ஆனால் வேலைக்கு ஆகமாட்டார் என்றால் 70. உழைக்கும் திறன்தான் அங்கே உடலின் இலக்கணம்.

1990இல் அமெரிக்காவில் லிஸ்ட் முதலானோர் தலை-கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கென்றே உருவாக்கிய அளவுகோல் வேறு மூன்றைக் கேட்டது: என்ன சாப்பிட முடிகிறது, பேச்சு எவ்வளவு புரிகிறது, பிறர் முன்னால் சாப்பிட முடிகிறதா. சாப்பிடுவதை விழுங்கலாக மட்டும் பார்க்காமல் உறவாகவும் பார்த்த வகையில் இந்த மூன்றாவது கேள்வி பெரிய நகர்வு. அளப்பதே வன்முறை என்கிற கற்பனாவாதக் கோபம் நமக்கு உதவாது. எண்ணப்படாத வலிக்கு அரசாங்கக் கோப்பில் இடமில்லை.

ஆனால் அந்த 100 யாருடையது என்று பார்க்கணும். இடம், உணவு, உடன் உண்பவர் எதிலும் கட்டுப்பாடு இல்லாதவருக்கு 100. குறிப்பிட்ட சில இடங்களில், குறிப்பிட்ட சிலரோடு மட்டும் சாப்பிடுகிறவருக்கு 50. எப்போதும் தனியாகவே என்றால் 0. நோய்க்கு முன்னால் எல்லோரும் 100இல் இருந்தார்கள் என்பது இதன் சொல்லப்படாத அனுமானம். யாரு அந்த எல்லோரும்?

குறிப்பிட்ட இடம், குறிப்பிட்ட ஆட்கள் என்பது நம் ஊரில் நோய்க்குறியா? அதுதான் சாதியின் அன்றாட ஒழுங்கு. தன் சாதிக்கு வெளியே கை நனைக்காதவருக்கும் 50, டீக்கடையில் தனி டம்ளர் வைக்கப்பட்டவருக்கும் 50. விலக்கியவரையும் விலக்கப்பட்டவரையும் இந்த எண் ஒரே வரிசையில் உட்கார்த்திவிடுகிறது. சமூகம் நடத்தாத சமபந்தி!

வயக்காட்டில் பசி தெரியாமலிருக்க வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொண்ட ஒரு கிழவியை எடுத்துக்கொள்வோம். வீட்டில் எல்லோரும் தின்று முடித்த பிறகு அடுப்படியில் ஒத்தையில் உட்கார்ந்து தின்றவள். நோய்க்கு முன்பே அவள் 0தான். தாடையை எடுத்த பின்பும் 0. கணக்குப்படி அவள் எதையும் இழக்கவில்லை. இயல்பு என்பது சராசரிக் கணக்கு கிடையாது, அது ஒரு மதிப்பீடு என்று காங்கிலெம் 1943இலேயே வாதிட்டதை இங்கு மனங்கொள்ள வேண்டும்.

உணவுப் பட்டியலிலும் இதே சிக்கல்தான். வேர்க்கடலை 90, பச்சைக் காரட் 70, காய்ந்த ரொட்டி 60. சோறு இல்லை. கதிர்வீச்சில் எச்சில் வற்றிய வாய்க்குள் வெறும் சோறு உருண்டு நிற்கும். குழம்பு ஊற்றினால் எரியும். கெட்டியா குழைவா என்று மட்டும் அளக்கும் பட்டியலுக்குக் காரம் தெரியாது.

சரி, நம் அரசின் அளவு எப்படி? 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழு வகைகளில் பேச்சுக் குறைபாடு இல்லை. 21 வகைகளை ஏற்ற 2016ஆம் ஆண்டுச் சட்டம், குரல்வளை நீக்கத்தால் வரும் நிரந்தரப் பேச்சுக் குறைபாட்டைப் பெயர் சொல்லியே சேர்த்தது. நல்லது. ஆனால் வேலை இட ஒதுக்கீட்டுக்கு 40 சதவீதம் என்கிற வாசலைத் தாண்டியாக வேண்டும். சிதைந்த முகம் கணக்கில் வருவதற்கு ஒருவன் அமிலம் வீசியிருக்க வேண்டும். அறுவைக் கத்தியால் சிதைந்த முகத்துக்குத் தனி வகை இல்லை. விழுங்க முடியாமைக்கும் வாய் திறக்க முடியாமைக்கும் அப்படித்தான்.

கீழ்த்தாடையில் பாதியை இழந்த ஒரு பெரியவரிடம் “கல்யாணத்துக்குப் போனீங்களா?” என்று கேட்டேன். “போனேன் தம்பி. மொய் எழுதிட்டு வந்துட்டேன்” என்றார். வாயோரம் ரசம் வழிவதை அவர் சகித்துக்கொள்வார். பக்கத்து இலைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வதைத்தான் தாங்க முடியவில்லை. அளவுகோலோ அவர் பெயருக்கு நேரே ஓர் எண்ணை எழுதுகிறது. அதையும் மருத்துவத் தரப்பில் ஒருவர்தான் பேசிப் பார்த்து எழுதுகிறார். திரும்பிக்கொண்டவருக்கு எந்த மதிப்பெண்ணும் இல்லை.

ஊனம் அந்த இரண்டு இலைகளுக்கும் நடுவில் இருக்கிறது. ஆகவே அளக்கட்டும். அளப்பதற்கு முன்னால் இரண்டு கேள்விகளையாவது அந்த ஆளிடமே கேட்கட்டும்: நோய்க்கு முன்னால் நீங்க யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டீங்க? இப்போ உங்க பக்கத்திலிருந்து எழுந்து போனது யாரு?