அலுமாரியும் அதன் பாணியும்

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிப் பாணியில் மர அலுமாரி செய்விப்போர் பலர், கீழ்நோக்கிச் சிறுத்த கால்களையும் அணியற்ற முகப்பையுமே அப்பாணி எனக் கொள்கின்றனர். அஃது உருவை மட்டுமே கண்டதாகும். பொருள், பயன், கைத்திறன் ஆகிய மூன்றன் இசைவே பாணியின் உயிர்.

கண்டியில் மினெட் டி சில்வா வரைந்து 1951 இல் நிறைவெய்திய கருணாரத்தின இல்லம் இதற்குச் சான்று. புதுமுறைக் கட்டடத்தினுள்ளே அவர் தும்பறை நெசவுக்கும் உள்ளூர்க் கைவினைஞருக்கும் உரிய இடமளித்தார்.

வீட்டுக்குப் பொருந்திய இந்நெறி அலுமாரிக்கும் பொருந்தும். தெல்தோட்டை போன்ற ஈரமிக்க மலையூரிலே கால்கள் அழகுக்கு மட்டுமல்ல. அடியிற் காற்றுச் செல்லவும் தரையைக் கூட்டவும் வேண்டப்படுவன. ஈரமேறின் பலகை அகலத்தில் விரியும். ஆதலின் கதவுப் பலகையைப் பசையிட்டு இறுக்காது, சட்டத்தின் காடியுள் தளர்வாகச் செருகுதல் வேண்டும். தட்டுகளின் இடைவெளியை அவற்றில் வைக்கும் நூல்களின் உயரமே வகுத்தல் தகும். நீண்ட தட்டு சுமையால் வளையுமாதலின் நடுவே தாங்கி வேண்டும்.

இவற்றையெல்லாம் நம் தச்சர் அறிவர். அவரிடம் அயல்நாட்டுப் படமொன்றை நீட்டி, அவ்வாறே செய்க என்போர், அவர்தம் கையுழைப்பைப் பெற்று அறிவை இழக்கின்றனர். படத்தைக் காட்டுமுன் அவரோடு கலந்துரையாடுதலே முறையாகும்.