தாழ்ப்பாள் நீக்கிய கதவு

வெள்ளி மெழுகுதிரித் தண்டுகளின் கதையை அறியாதவர் நம்மிடையே சிலரே. பத்தொன்பது ஆண்டுகள் தண்டனைக் கைதியாய் உழன்ற ழான் வல்ழான், தனக்கு உணவும் படுக்கையும் தந்த ஆயரின் வெள்ளிக் கரண்டிகளைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். காவலர் அவனைப் பிடித்து வந்து நிறுத்துகின்றனர். ஆயரோ, அவற்றைத் தாமே கொடுத்ததாகச் சொல்லி, மெழுகுதிரித் தண்டுகள் இரண்டையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறார். மறையுரைகளில் இக்காட்சியைப் பலமுறை கேட்டிருக்கிறோம். சுத்தானந்த பாரதியாரின் 'ஏழைபடும் பாடு' என்ற தமிழாக்கமும், அதே பெயரில் 1950-இல் வெளிவந்த திரைப்படமும் இதைத் தமிழ் மக்களின் சொந்தக் கதையாகவே ஆக்கிவிட்டன.

ஆனால் அந்த மெழுகுதிரிகளின் ஒளி சற்று மிகுதி. அதற்கு முன்னால் உள்ள பக்கங்களை அது மறைத்துவிடுகிறது. விக்டர் ஹ்யூகோ 1862-இல் வெளியிட்ட அந்தப் பெரும் புதினத்தின் முதல் பாகத்தில் உள்ள முதல் பகுதி முழுவதும், அதாவது பதினான்கு அதிகாரங்கள், ஆயர் மிரியேலுக்கே உரியவை. வல்ழான் அங்கே இன்னும் வந்து சேரவில்லை. சுருக்கப் பதிப்புகளில் முதலில் கத்தரிக்கப்படுவன இந்தப் பக்கங்களே. அவற்றை மீண்டும் படிக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது: திருடனுக்கு வெள்ளியைக் கொடுத்தது ஆயரின் ஈகையில் மிகக் கடினமான செயலன்று. அதனினும் கடினமான ஒன்றை அவர் அதற்கு முன்பே செய்து முடித்திருந்தார்.

கதை நிகழும் காலத்தை நினைவில் கொள்ளவேண்டும். ஆண்டு 1815. பிரான்சு நாடு இருபத்தைந்து ஆண்டுகளில் மன்னராட்சி, புரட்சி, குடியரசு, பேரரசு, மீண்டும் மன்னராட்சி என்று ஐந்து முறை உருமாறியிருந்தது. அந்த ஆண்டு மார்ச்சு மாதம் நெப்போலியன் எல்பா தீவிலிருந்து திரும்பினான். சூனில் வாட்டர்லூவில் வீழ்ந்தான். மன்னர் பதினெட்டாம் லூயி மறுபடியும் அரியணை ஏறினார். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு சாரார் பதவி பெற்றனர், மறுசாரார் சோறு இழந்தனர். இந்தப் பிளவு கோவில் வாசலோடு நின்றுவிடவில்லை. மிரியேலுக்கு முன்மாதிரியாய் அமைந்தவர் தீஞ் மறைமாவட்டத்தின் உண்மையான ஆயர் மியோலிஸ். அவருடைய உடன்பிறந்தார் ஒருவர் நெப்போலியனின் தளபதி. அத்தளபதி உரோமையின் ஆளுநராய் இருந்தபோதுதான், 1809-இல், திருத்தந்தை ஏழாம் பத்திநாதர் சிறைபிடித்துக் கொண்டுசெல்லப்பட்டார். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்களுள் ஒருவர் ஆயர். மற்றவர் திருத்தந்தையைச் சிறைபிடித்த ஆட்சியின் கரம். காலத்தின் பிளவு ஒரே குடும்பத்திற்குள்ளும் ஓடியது.

மிரியேலின் கொடை மனப்பான்மையை ஹ்யூகோ முதலில் கணக்குகளாகவே காட்டுகிறார். பதவியேற்ற மூன்றாம் நாள் ஆயர் மருத்துவமனையைப் பார்க்கிறார். ஐந்தாறு சிறு அறைகளில் இருபத்தாறு நோயாளிகள். அடுத்துள்ள ஆயர் மாளிகையிலோ, அறுபது பேருக்கு இடமிருக்கும் கட்டடத்தில், மூவர் மட்டுமே: ஆயர், அவருடைய தங்கை, பணிப்பெண். எங்கோ ஒரு தவறு நேர்ந்திருக்கிறது என்கிறார் ஆயர். மறுநாளே நோயாளிகள் மாளிகைக்கும், ஆயர் மருத்துவமனைக்கும் இடம் மாறுகின்றனர். அரசு தரும் ஊதியம் 15,000 ஃபிராங்கு. அதில் தமக்கென வைத்துக்கொள்வது 1,000. வண்டிச் செலவுக்கென 3,000 கேட்டுப் பெறுகிறார். குருக்களின் பேராசையைப் பாரீர் என்று ஒரு பெருமகன் அமைச்சருக்கு எழுதுகிறான். அன்று மாலையே ஆயர் அந்தத் தொகையைப் பங்கிட்டு எழுதித் தங்கையிடம் கொடுக்கிறார். நோயாளிகளின் இறைச்சிச் சாறுக்கு 1,500, தாய்மார் நலச் சங்கங்கள் இரண்டிற்கும் தலா 250, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு 500, அனாதைகளுக்கு 500. வண்டி இல்லை.

படிக்க இனிமையான பக்கங்கள் இவை. ஆனால் ஹ்யூகோ இங்கேயே நின்றிருந்தால் ஒரு நல்ல புனிதர் வரலாறு மட்டுமே நமக்குக் கிடைத்திருக்கும். ஏழைக்குக் கொடுப்பதில் மிரியேலுக்குத் தயக்கமே இல்லை. அவருடைய தயக்கம் வேறிடத்தில் இருந்தது.

நகரிலிருந்து முக்கால் மணி நேர நடைத் தொலைவில், ஒரு பள்ளத்தாக்கில், ஒரு கிழவர் தனியே வாழ்ந்தார். பெயரின் முதலெழுத்தை மட்டுமே ஆசிரியர் தருகிறார். புரட்சிக் காலத்து மாமன்றத்தின் முன்னாள் உறுப்பினர். மன்னரின் மரண தண்டனைக்கு அவர் வாக்களிக்கவில்லை. ஆயினும் மன்னரைக் கொன்றவர்களின் கூட்டத்தார் என்று ஊர் அவரை ஒதுக்கிவைத்திருந்தது. அந்தக் குடிசையைக் கொலைக்களக்காரன் வீடுபோல் மக்கள் பேசினர். அங்கே செல்லும் பாதையைப் புல் மூடிவிட்டது. ஆயர் அவ்வப்போது அத்திசையிலுள்ள மரங்களை நோக்கி, அங்கே ஓர் ஆன்மா தனித்திருக்கிறது, அதனைச் சந்திக்கும் கடன் எனக்குண்டு என்று எண்ணிக்கொள்வார். ஆனால் போகமாட்டார். ஊராரின் வெறுப்பு அவருக்குள்ளும் இருந்தது. ஹ்யூகோ இதை மறைக்கவில்லை.

கிழவர் சாகக்கிடக்கிறார் என்று கேள்விப்பட்ட பின்னரே ஆயர் புறப்படுகிறார். அங்கும் அவருடைய மனம் முழுவதும் கனிந்துவிடவில்லை. தமக்குரிய மரியாதைச் சொல்லால் அழைக்கப்படாதது அவரை உறுத்துகிறது. மன்னரின் சாவுக்கு வாக்களிக்காததற்காகப் பாராட்டுகிறேன் என்கிறார். பாராட்டில் கண்டிப்பின் ஒலி கேட்கிறது. உரையாடல் வாக்குவாதமாகிறது. சிறையில் மடிந்த இளவரசக் குழந்தையை ஆயர் நினைவூட்டுகிறார். குற்றவாளி ஒருவனின் தம்பி என்பதற்காகவே தூக்கிக் கட்டிக் கொல்லப்பட்ட ஏழைச் சிறுவனைக் கிழவர் நினைவூட்டுகிறார். மன்னர்களின் பிள்ளைகளுக்காக நானும் அழுகிறேன், மக்களின் பிள்ளைகளுக்காக நீங்களும் அழுவீர்களா என்பதே அவருடைய கேள்வி. எல்லாருக்காகவும் அழுகிறேன் என்கிறார் ஆயர்.

இந்த விடையில்தான் அதிகாரம் திரும்புகிறது. அரசியல் பிளவு முதலில் நம் கண்ணீரைப் பங்கிடுகிறது. நம் பக்கத்துப் பிணங்களை எண்ணுகிறோம். மறுபக்கத்துப் பிணங்களுக்குக் காரணம் சொல்கிறோம். கண்ணீர் பங்கிடப்பட்ட பிறகு சோற்றைப் பங்கிடும் கை தானாகவே சுருங்கிவிடும். 1793-இல் ஒரு கன்னியர் மடத்தைத் தாம் காப்பாற்றியதையும் பேச்சின் முடிவில் சொல்லிவிட்டுக் கிழவர் கேட்கிறார்: எண்பத்தாறு வயதில் சாகப்போகிறேன், என்னிடம் எதைக் கேட்க வந்தீர்கள்? உங்கள் ஆசியை, என்று ஆயர் முழந்தாளிடுகிறார். அவர் தலை நிமிர்ந்தபோது கிழவர் இறந்திருக்கிறார்.

1864-இல் திருச்சபை இப்புதினத்தைத் தடைநூல் பட்டியலில் சேர்த்தது. 1966-இல் அந்தப் பட்டியலே கைவிடப்பட்டது. அக்காலத்துக் கத்தோலிக்க வாசகரை இந்தக் காட்சி புண்படுத்தியதில் வியப்பில்லை. ஆயர் ஒருவர் புரட்சிக்காரரிடம் ஆசி கேட்பதா? எனக்குங்கூட இவ்வதிகாரத்தில் ஒரு குறை தோன்றுகிறது. வாதத்தில் ஹ்யூகோ நடுநிலையோடு இல்லை. கிழவர் பக்கம் பக்கமாய்ப் பேச, ஆயருக்குச் சில வரிகளே கிடைக்கின்றன. இளமையில் மன்னராட்சியை ஆதரித்துப் பின்னர் குடியரசுவாதியாகி, 1851-க்குப் பின் நாடுகடந்து வாழ்ந்த ஹ்யூகோ, தம் கடந்தகாலத்தோடு தாமே வழக்காடுகிறாரோ என்று ஐயுற இடமுண்டு.

ஆயினும், முழந்தாளிடுவதை வாதத்தில் தோற்றதற்கு அடையாளமாய்ப் படிப்பது தவறு. ஆயர் தம் நம்பிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை. மன்னராட்சிப் பற்றைக்கூட விட்டுவிடவில்லை. தீர்ப்பளிக்கும் இருக்கையிலிருந்து இறங்கினார், அவ்வளவே. திருத்தூதர் பணிகள் நூலில் அனனியா, தம் மக்களைச் சிறைக்கு இழுத்துச் செல்ல வந்த சவுலைச் சந்திக்கத் தயங்குகிறார். பின் சென்று, சகோதரர் என்றழைத்துக் கைகளை அவர்மேல் வைக்கிறார். மிரியேல் அதே பாதையில் இன்னும் ஓரடி கூடுதலாய் நடக்கிறார். ஆசி கொடுக்கப் போனவர் ஆசி கேட்டுத் திரும்புகிறார். கொடுப்பவனுக்கு ஓர் உயரம் உண்டு. கேட்பவனுக்கு அது இல்லை. அந்த உயரத்தையும் கொடுத்துவிடுவதே ஈகையின் கடைசிப் படி.

இது ஒரு நாள் உணர்ச்சி அன்று என்பதை அடுத்த அதிகாரத்தின் ஒரு சிறு நிகழ்ச்சி காட்டுகிறது. நகர மன்றத்தின் வாயிற்காவலர் நெப்போலியனின் பழைய படைவீரர். பேரரசன் தந்த பதக்கத்திலிருந்து அவனுடைய உருவத்தை நீக்கவேண்டிய காலம் வந்ததும், அதனைத் தாமே பெயர்த்தெடுத்தார். ஏற்பட்ட ஓட்டையை மன்னரின் சின்னத்தால் நிரப்ப மறுத்தார். மன்னரை வெளிப்படையாய் ஏளனம் செய்தார். வேலை போயிற்று. மனைவி மக்களோடு தெருவில் நின்றார். மிரியேலோ நெப்போலியனை வெறுத்தவர். அவன் மீண்டும் ஆண்ட நூறு நாள்களில் அவனுக்காகப் பொது மன்றாட்டு நடத்த ஆணையிடாதவர். அவர் அந்தப் படைவீரரை அழைத்து, மெல்லக் கடிந்துகொண்டு, பேராலயத்தின் வாயிற்பணியாளராக அமர்த்திவிட்டார். கருத்தில் கடிந்துகொள்ளல், வயிற்றுக்குச் சோறு. இரண்டையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை. இப்புதினத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆயர் இந்தச் சில வரிகளில்தான் இருக்கிறார்.

அதே அதிகாரத்தில் ஹ்யூகோ தம் கதைமாந்தரைக் கண்டிக்கவும் தயங்கவில்லை. வல்லமையோடு ஆண்ட காலத்தில் நெப்போலியனை எதிர்த்திருந்தால் அது வீரம்; வீழும் காலத்தில் எதிர்ப்பது அத்துணைச் சிறப்பன்று என்கிறார். சிறிது காலம் கட்சிக் கசப்பின் நிழல் அந்த நல்ல உள்ளத்தின் மேலும் படிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறார். நெப்போலியன் தப்பிச் செல்ல இடங்கொடுத்த தளபதித் தம்பியிடம் காட்டிய அன்பைவிட, மற்றத் தம்பியிடம் மிரியேல் காட்டிய அன்பு சற்றுக் கூடுதல். புனிதரின் கடிதங்களிலும் பிளவு புகுந்துவிட்டது. இந்த நேர்மைதான் மிரியேலை நம்பத்தக்கவராக்குகிறது. கட்சி மனம் இல்லாதவர் எதிரியை நேசிப்பதில் என்ன அருமை? அதை உடையவர் நேசிப்பதே அரிது.

இப்போது வல்ழான் வரலாம். 1815 அக்டோபர் தொடக்கத்தில் ஒரு மாலை அவன் தீஞ் நகருக்குள் நுழைகிறான். ஏழு மாதங்களுக்கு முன் நெப்போலியன் கடந்துசென்ற அதே தெரு வழியாக. விடுதி அவனைத் துரத்துகிறது, மதுக்கடை துரத்துகிறது, சிறைச்சாலையும் சேர்த்துக்கொள்ளவில்லை, ஒரு குடும்பத் தலைவன் துப்பாக்கியைக் காட்டுகிறான், நாய்க்கூண்டிலும் இடமில்லை. அவனுடைய கைதிச் சீட்டு ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பணிப்பெண் மக்லுவார் அம்மையாரின் வாயில் வைக்கிறார் ஆசிரியர். ஆட்சித் தலைவருக்கும் நகரத் தலைவருக்கும் ஆகாது. ஒருவர்க்கு ஒருவர் கெட்ட பெயர் வரட்டும் என்று அசம்பாவிதங்களை நடக்கவிடுகின்றனர். ஊர்க் காவல் சீர்கெட்டுவிட்டது. ஆகவே அவரவர் வீட்டை அவரவரே நன்றாகப் பூட்டிக்கொள்ளவேண்டும். மேலிடத்துப் பகை, தெருவில் தாழ்ப்பாளாக முடிகிறது. ஆயர் வீட்டுக் கதவோ முன்பு சிறைக்கதவுபோல் பூட்டுகள் நிறைந்திருந்தது. அவற்றையெல்லாம் அவர் எப்போதோ கழற்றிவிட்டார். உள்ளே வரும் எவனும் பெயர் சொல்லவேண்டியதில்லை, துன்பம் இருந்தால் போதும் என்பதே அவர் வல்ழானுக்குத் தரும் விளக்கம்.

புரட்சிக்காரர் முன்னிலையில் முழந்தாளிட்டவருக்கு, கைதியை 'ஐயா' என்றழைப்பது எளிது. பதவி இழந்த படைவீரருக்குச் சோறளித்தவருக்கு, வெள்ளியை இழப்பது எளிது. மெழுகுதிரித் தண்டுகளின் காட்சி வானத்திலிருந்து விழுந்த அருஞ்செயல் அன்று. நெடுநாள் பயிற்சியின் கனி.

எனினும், படித்து முடித்தபின் ஒரு குறை மனத்தில் நிற்கிறது. அந்த நகரில் ஒரே ஒரு கதவுதான் திறந்திருக்கிறது. ஆயரைச் சூழ்ந்து யாருமில்லை. அவரால் பதவி உயர்வு கிட்டாது என்று இளங்குருக்கள் விலகிவிட்டதை ஹ்யூகோவே சொல்கிறார். ஒன்பது ஆண்டுகளாய் அவரோடு வாழ்ந்த இறைமக்களின் கதவுகளில் ஏன் ஒன்றுகூடத் திறக்கவில்லை? ஒரு பெரியவரின் ஈகை, சமூகத்தின் ஈகையாக மாறுவது எப்படி என்பதை இப்புதினம் சொல்லவில்லை. அதற்குத் தொடக்கத் திருச்சபையிடம்தான் போகவேண்டும். கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் புறக்கணிக்கப்பட்டனர் என்று முறையீடு எழுந்தபோது, சபை முழுவதும் கூடி எழுவரைத் தேர்ந்தது. ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறைப்பட்டவர்களின் பக்கத்தாரிடமே பந்தியின் பொறுப்பை ஒப்படைத்திருக்கிறார்கள் போலும்.

தேர்தல் முடிந்த மறுநாள் திருப்பலியில் சமாதானம் பகிரும் நேரம் வருகிறது. தோற்ற கட்சிக்காரரும் வென்ற கட்சிக்காரரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். கைகள் கூப்பப்படுகின்றன, கண்கள் வேறெங்கோ பார்க்கின்றன. நம் பங்கிலும் புல் மூடிய பாதை ஒன்று இருக்கக்கூடும். அதன் முடிவில் நாம் சந்திக்கக் கடன்பட்ட ஒருவர் இருக்கக்கூடும். அவர் சாகக்கிடக்கும் செய்தி வரும்வரை காத்திருக்கவேண்டுமா? மிரியேல் காத்திருந்தார். அந்த ஒன்றில் மட்டும் நாம் அவரைப் பின்பற்ற வேண்டியதில்லை.