முதலில் பாலா, சோறா?

குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்து, சோறு ஊட்டும் சடங்கும் நடந்தேறிய மறுநாளே வீட்டில் ஒரு வழக்கு தொடங்கிவிடுகிறது: முதலில் பால் கொடுப்பதா, சோறு ஊட்டுவதா? "பாலைக் குறைச்சாத்தான் சோறு இறங்கும்" என்பது பாட்டிமார் தரப்பு. முதலில் பால், கொஞ்ச நேரம் கழித்துச் சாப்பாடு என்பது குழந்தைநல மருத்துவர்கள் பலர் சொல்லியனுப்பும் விதி. "ஒரு வயசு வரைக்கும் பால்தான் சாப்பாடு, மத்ததெல்லாம் ருசி பழகத்தான்" என்று கைபேசிகளில் பரவும் பேச்சு இந்த இரண்டாவது தரப்புக்குத் துணை நிற்கிறது. பால் முதலில் என்ற விதி எதைக் காப்பாற்றுகிறது, எங்கே பிசகுகிறது என்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தாய்ப்பாலைப் பொறுத்தவரை, ஆறாம் மாதம் முதல் எட்டாம் மாதம் வரை அது மிக நல்ல விதி. அதையே பாட்டில் பாலுக்கும் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கும் நீட்டிக்கொண்டு போகும்போது அது ரத்தசோகைக்கு வழிவிடுகிறது.

நல்ல பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 6 முதல் 8 மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி வேண்டும். சராசரி அளவு தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதில் 400 கலோரி பாலிலிருந்தே கிடைத்துவிடும். உணவு தர வேண்டியது மீதி 200 மட்டுமே. தாய்ப்பால் சுரப்பது குழந்தை உறிஞ்சும் அளவைப் பொறுத்தது. உறிஞ்சுவது குறைந்தால் சுரப்பும் குறையும். சோற்றால் வயிறு நிறைந்த குழந்தை மார்பில் வாய் வைத்துவிட்டுத் தூங்கிப்போனால், அடுத்த சில நாட்களில் பால் உண்மையாகவே குறைந்துவிடுகிறது. ஹோண்டுராஸ் நாட்டில் நடந்து 1994-ல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நான்காம் மாதத்திலேயே இணை உணவு கொடுக்கப்பட்ட குழந்தைகள் அந்த அளவுக்குத் தாய்ப்பாலைக் குறைத்துக்கொண்டார்கள்; எடையிலும் உயரத்திலும் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. நான்கு முதல் ஆறு மாதம் என்று இருந்த பழைய அறிவுரையை 2001-ல் ஆறு மாதம் என உலக சுகாதார நிறுவனம் மாற்றியபோது, இத்தகைய சான்றுகள்தான் அதற்குப் பின்னால் இருந்தன.

நம் வீடுகளில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். காரணம், நாம் ஊட்டும் கஞ்சி. பெரிய மேசைக்கரண்டியில் இரண்டு கரண்டி, அதாவது ஏறக்குறைய 20 கிராம் கேழ்வரகு மாவை 200 மில்லி தண்ணீரில் காய்ச்சினால் அதில் இருப்பது 65 கலோரிதான். அதே 200 மில்லி தாய்ப்பாலில் 130 கலோரி இருக்கிறது. ஏழு கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வது கிட்டத்தட்ட 200 மில்லி. ஆக, பாலை நிறுத்தி வைத்துவிட்டு அந்த இடத்தில் நீர்க்கஞ்சியை நிரப்புகிறவர்கள் குழந்தையின் உணவைப் பாதியாக வெட்டுகிறார்கள். வயிறு உப்பியிருக்கும், ஏப்பமும் வரும், பாட்டிக்கும் நிம்மதி. எடை மட்டும் ஏறாது. ஆகவே பால் முதலில் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது, பெரும்பாலும் இந்தத் தண்ணீர்க் கஞ்சியிடமிருந்து குழந்தையைக் காப்பாற்றத்தான். அந்த அளவில் அவர்கள் சொல்வதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

கஞ்சி நீர்த்திருப்பது விதியல்லவே. கரண்டியைச் சாய்த்தால் உடனே ஒழுகிவிடாமல் ஒட்டி நிற்க வேண்டும். அதுதான் குழந்தை உணவின் பதம். ஒரு கிராம் உணவில் 0.8 கலோரியாவது இருந்தால்தான் நாளுக்கு இரண்டு மூன்று வேளை ஊட்டுவது போதுமானதாக இருக்கும். மேலே சொன்ன கேழ்வரகுக் கஞ்சியில் இருப்பது இதில் பாதிகூட இல்லை. குழைய வேகவைத்த பருப்பு சாதத்தை மசித்து ஒரு சிறு கரண்டி நெய் விட்டால் அந்த அளவை எளிதாக எட்டிவிடலாம். நெய் மட்டுமே 45 கலோரி. கெட்டியாக ஊட்டினால் தொண்டையில் சிக்கும் என்று அஞ்சுகிறவர்களுக்கு நம் ஊர்ப் பழக்கத்திலேயே விடை இருக்கிறது. கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து அரைத்த மாவில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி பிறந்திருக்கும். கொதி அடங்கிய, இன்னும் சூடாக இருக்கும் கெட்டிக் கூழில் இந்த மாவை ஒரு சிட்டிகை தூவிக் கிளறினால் சில நிமிடங்களில் கூழ் இளகிவிடும். தண்ணீர் சேர்க்காமலே இளகுவதால் அதே அளவுக் கூழில் இரண்டு மடங்கு மாவு தங்குகிறது. பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் 1980-களில் இதை ஆராய்ந்து எழுதினார். தமிழ்நாட்டு அங்கன்வாடிகள் தரும் சத்துமாவிலும் முளைகட்டிய கேழ்வரகு ஒரு பங்கு. அப்படிப்பட்ட மாவை வாங்கிவந்து, அதையும் குடிக்கும் பதத்தில் கரைத்துப் பாட்டிலில் ஊற்றும் வழக்கத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பாட்டிலின் ரப்பருக்குள் நுழையும் அளவுக்கு நீர்த்த எதுவும் உணவுக் கணக்கில் வராது.

இனி விதி பிசகும் இடம். கலோரிக் கணக்கை மட்டும் பார்த்தால் பால் முதலில் என்ற விதி ஒரு வயது வரை தாங்கும் போலத்தான் தெரியும். இரும்புச்சத்தைப் பார்த்தால் ஆறு மாதத்திலேயே தடுமாறுகிறது. ஒரு நாளில் குழந்தை குடிக்கும் 600 மில்லி தாய்ப்பாலில் இருக்கும் இரும்பு கால் மில்லிகிராம்கூட இல்லை. அதில் கணிசமான பங்கு உடலில் சேரும் என்பது உண்மை. ஆனாலும் தேவையின் சிறு பகுதியைத்தான் அது நிரப்பும். தாய் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் பாலில் இரும்பு கூடுவதில்லை. பிறக்கும்போது கல்லீரலில் சேமித்துக் கொண்டுவந்த இருப்பில்தான் குழந்தை முதல் ஆறு மாதத்தைக் கடத்துகிறது. எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கும், ரத்தசோகை உள்ள தாய்மாரின் பிள்ளைகளுக்கும் அந்த இருப்பு அதற்கு முன்பே கரைந்துவிடலாம். ஆகவே ஆறாம் மாதத்திலிருந்து வேண்டிய இரும்பு ஏறக்குறைய முழுவதும் சோற்றுக் கிண்ணத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். இந்த நிலையில் "மத்ததெல்லாம் ருசி பழகத்தான்" என்று சொல்வது தவறு மட்டுமல்ல, பொறுப்பற்ற பேச்சும்கூட. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கும், தமிழ்நாட்டில் 57.4 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருந்தது. ரத்தசோகைக்குக் காரணங்கள் பல என்றாலும், கிண்ணத்தில் இரும்பு இல்லாததை ஒதுக்கிவிட முடியாது. அதே ஆய்வில் 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதுமான உணவு பெற்றவர்கள் நாடு முழுக்க 11.3 சதவீதம்தான்.

கேழ்வரகில் இரும்பு உண்டு என்ற நம்பிக்கை மட்டும் போதாது. தானியத்தில் உள்ள இரும்பில் மிகச் சிறு பங்கே உடலில் ஏறும். முளைகட்டினாலும், கூடவே தக்காளியோ எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தாலும் அது கொஞ்சம் உயரும். ஈரல், மீன், கோழி இவற்றில் இருக்கும் இரும்பு எளிதில் ஏறும். வேகவைத்து மசித்த ஈரல் ஒரு சிறு கரண்டி கொடுத்தாலும் பயன் உண்டு. இவற்றையெல்லாம் ஒரு வயது முடிந்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றை ஆறு மாதத்திலிருந்தே தினமும் சேர்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல். சைவக் குடும்பங்களில் பருப்பும் கீரையும் எலுமிச்சையும் ஒருசேர அமைய வேண்டும். எல்லாக் குழந்தைகளுக்கும் அரசு தரும் இரும்புச்சத்து சிரப், வாரம் இருமுறை 1 மில்லி, தவறக் கூடாது.

ஒன்பதாம் மாதத்தில் கணக்கு மாறுகிறது. உணவு தர வேண்டியது 300 கலோரி ஆகிறது. ஒரு வயதுக்குப் பிறகு 550. அதாவது எட்டு மாதம் வரை மூன்றில் ஒரு பங்காக இருந்த உணவு, இரண்டாம் வயதில் பாதியைத் தாண்டிவிடுகிறது. இந்த வளர்ச்சிக்கு ஏற்ப வரிசையும் மாறாவிட்டால், பாலால் பாதி நிறைந்த வயிற்றோடு கிண்ணத்தின் முன் உட்காரும் குழந்தை நாலு வாய்க்கு மேல் வாங்காது. இதோடு இன்னொன்றும் சேர்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், கட்டிகட்டியான உணவைப் பத்து மாதத்துக்குப் பிறகே பெற்ற குழந்தைகள் பின்னாளில் சாப்பாட்டில் அதிகம் அடம்பிடித்தது தெரியவந்தது. மிக்ஸியில் அரைத்து அரைத்தே ஒரு வயது வரை ஊட்டிவிட்டு, பிள்ளை மெல்ல மாட்டேன் என்கிறான் என்று கவலைப்படுவதில் பயனில்லை. எட்டாம் மாதத்திலேயே மிக்ஸியை ஓரம் வைத்துவிட்டுக் கையால் பிசையத் தொடங்கலாம்.

இதுவரை சொன்னது தாய்ப்பாலைப் பற்றி. விதியின் பெரிய குறை, அது எந்தப் பால் என்று கேட்காததுதான். பசும்பாலில் இரும்பு அரிதினும் அரிது; உள்ளதும் உடலில் சரியாக ஏறாது. அதிலுள்ள கால்சியமும் கேசின் புரதமும் மற்ற உணவின் இரும்பையும் தடுக்கின்றன. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் சிலருக்குப் பசும்பால் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவையும் உண்டாக்கும். ஒன்றரை வயதுப் பிள்ளை நாளுக்கு ஒரு லிட்டர் பால் குடிப்பதாக வைத்துக்கொள்வோம். தேவையான 900 கலோரியில் 600 அதிலேயே முடிந்துவிட்டது. ஆனால் இந்த வயதுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கும் 8 மில்லிகிராம் இரும்பில், அந்த ஒரு லிட்டர் பாலில் அரை மில்லிகிராம் அளவே இருக்கிறது. மீதியைத் தர வேண்டிய சோற்றுக்கு வயிற்றில் இடமே இல்லை. கொழுகொழுவென்று இருக்கும் குழந்தையின் உள்ளங்கை வெளுத்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒரு வயதுக்கு மேல் பசும்பால் அரை லிட்டருக்குள், அதுவும் டம்ளரில், சாப்பாட்டுக்குப் பிறகு. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

இதைக் கேட்டதும் பாட்டி தரப்பு வென்றதாகச் சிலர் நினைக்கலாம். வேப்பிலை அரைத்து மார்பில் தடவிப் பால் மறக்கடித்தால் பிள்ளை சோறு தின்னும் என்ற பழைய அறிவுரையில்தான் அந்த நினைப்பு கொண்டுபோய்விடும். அது தவறு. இரண்டாம் வயதிலும் தாய்ப்பால் கலோரித் தேவையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தருகிறது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு நாட்களில் சோற்றை ஒதுக்கும் குழந்தை அதைத்தான் ஏற்கும். ஒன்பது மாதத்துக்குப் பின் செய்ய வேண்டியது வரிசை மாற்றம் மட்டும்: சாப்பாட்டு வேளையில் சோறு முதலில், பால் அதற்குப் பின்னும் இடையிலும் இரவிலும். எதிர்த்திசையிலிருந்து வரும் மறுப்பு, குழந்தையே எடுத்துத் தின்னட்டும், அளவை அதுவே தீர்மானிக்கட்டும் என்பது. பசிக்கும் நிறைவுக்கும் குழந்தை காட்டும் குறிப்பை மதிக்கச் சொல்வது சரியான பாடம். வாயைப் பிடித்துத் திணிக்கும் நம் வழக்கத்துக்கு அவசியமான மருந்து. நியூஸிலாந்தில் நடந்து 2017-ல் வெளியான சோதனையில் அப்படித் தானே தின்ற குழந்தைகள் எடையில் பின்தங்கவில்லை. ஆனால் அந்தத் தாய்மார்களுக்கு ஒவ்வொரு வேளையும் இரும்பு நிறைந்த ஒன்றைத் தட்டில் வைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எவ்வளவு தின்பது என்பதைக் குழந்தை முடிவு செய்யலாம். தட்டில் என்ன இருக்கிறது என்பது பெரியவர்களின் பொறுப்பு.

வேலைக்குப் போகும் தாய்மாருக்கு இந்த வரிசையெல்லாம் சாத்தியமா என்ற கேள்வி நியாயமானது. 2017 சட்டத் திருத்தம் தந்த மகப்பேறு விடுப்பு 26 வாரம். பிரசவத்துக்கு முன்பே அதில் சில வாரங்கள் கழிந்துவிடுகின்றன. இணை உணவு தொடங்கும் நேரத்தில், சில சமயம் அதற்கும் முன்பே, தாய் வீட்டைவிட்டுப் போகிறார். அந்த இடைவெளியில்தான் பாட்டில் உள்ளே வருகிறது. வயலிலும் சித்தாள் வேலையிலும் இருப்பவர்களுக்கு அந்த 26 வாரமும் இல்லை. இங்கே குற்றம் தாயுடையதல்ல. ஆனாலும் பகலில் இல்லாத பாலை ஈடுகட்டக் கெட்டியான சோற்றைக் கொடுப்பது நீர்த்த பசும்பாலைக் கொடுப்பதைவிட எவ்வளவோ மேல். காலையிலும் மாலையிலும் இரவிலும் மார்பு, பகலில் மூன்று வேளை நல்ல உணவு என்ற ஏற்பாட்டைப் பெரும்பாலான வீடுகளில் பாட்டியாலேயே நடத்த முடியும், யாராவது அவருக்குச் சொல்லிக் கொடுத்தால்.

அதைச் சொல்லிக் கொடுக்க ஒரு நாள் ஏற்கெனவே இருக்கிறது. ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசிக்காக பெரும்பாலான குழந்தைகள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகின்றன. பல வீடுகளில் பாட்டியும் உடன் வருவார். அன்றைக்குச் செவிலியர் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: என்ன பால், எதில் குடிக்கிறது, கூழ் கரண்டியில் நிற்கிறதா? பதில் கேட்டுவிட்டு, இன்று முதல் சோறு முதலில், பால் பிறகு என்று தாய் சேய் நல அட்டையில் எழுதியும் தர வேண்டும். ஊசி போடும் அதே ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை இது. சுகாதாரத் துறை இதை இந்த ஆண்டே தொடங்கலாம்.