சிறுவர் ஞானோபதேசமும் வீட்டுத் தமிழும்

தமிழ் அச்சு வரலாற்றை எழுதுவோர், 1578இல் கொல்லத்தில் அச்சிடப்பெற்ற 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்க நூலைத் தவறாது குறிப்பிடுவர். அதற்கும் முன்னர், 1554இல் லிஸ்பன் நகரில், தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்திற் பெயர்த்துப் போர்த்துக்கீசியத்தோடு சேர்த்து அச்சிட்ட 'கார்த்தில்யா' உண்டென்று எடுத்துக்காட்டுவோரும் உளர். எது முந்தியது என்னும் இவ்வாராய்ச்சி வேண்டுவதே. ஆயின் இந்நூல்கள் எதன்பொருட்டு எழுந்தன என்று கேட்போர் சிலரே. இரண்டும் கிறித்தவ சமயத்தின் அடிப்படை மன்றாட்டுகளைப் புதிதாகக் கற்பார்க்கு ஊட்ட எழுந்த பாடநூல்கள். 1579இல் கொச்சியில் வெளிவந்த 'கிரிசித்தியானி வணக்கம்' என்பதோ, மார்க்கோஸ் ஜோர்ஜ் என்னும் போர்த்துக்கீசியத் துறவி சிறுவர்க்கென்றே உரையாடலாக இயற்றிய நூலின் தமிழாக்கம். ஆகவே தமிழ் அச்சின் தொட்டிலிலேயே குழந்தைப் பாடம் கிடக்கிறது. அது எவ்வாறு அமைந்தது, எங்கே வென்றது, எங்கே வழுக்கிற்று என்று நோக்குவது, எச்சமயத்தாராயினும், தமிழாசிரியர்க்குரிய பணியாகும்.

செய்தியின் தொடக்கம் இந்நூல்களுக்கும் முற்பட்டது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழும் போர்த்துக்கீசியமும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டி, மன்றாட்டுகளைத் தமிழில் பெயர்க்கச் செய்து, தாமும் அவற்றை மனப்பாடம் பண்ணினார். கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவரைத் திரட்டி, நாளுக்கு இருமுறை ஓதுவித்தார். கற்றதைத் தாய் தந்தையர்க்கும் வீட்டாருக்கும் அண்டை அயலார்க்கும் சொல்லிக் கொடுக்க வேண்டுமென்று அச்சிறுவரைப் பணித்தார். தாம் ஊரில் இல்லாத காலத்தில் பாடம் தொடர்வதற்குக் கணக்கப்பிள்ளைகளை அமர்த்தினார். அவர்களுடைய ஊதியத்துக்குப் போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கியிருந்த பணத்தைக் கேட்டுப் பெற்றார் என்பது சுவையான செய்தி. ஆசிரியர் சம்பளத்துக்கு இதனினும் விந்தையான தலைப்பில் பணம் ஒதுக்கிய கருவூலம் உண்டோ, அறியோம்!

இங்கே ஒரு வேறுபாட்டை ஊன்றி நோக்க வேண்டும். ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் 1529இல் வெளியிட்ட 'சிறிய ஞானோபதேசம்' குடும்பத் தலைவனை நோக்கி எழுதப்பட்டது. தந்தை தன் வீட்டார்க்கு எளிய முறையில் கற்பிக்க வேண்டும் என்பதே அதன் ஏற்பாடு. பாடம் பெரியோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிறது. முத்துக்குளித்துறையிலோ, போதிய கல்வியின்றித் திருமுழுக்குப் பெற்றிருந்த பெற்றோர்க்குப் பிள்ளை ஆசானாயிற்று. பாடம் கீழிருந்து மேலேறியது. இவ்வாறு கோயிலிலிருந்து வீட்டுக்குப் பிள்ளை சுமந்து செல்லும் பாடத்தில் ஒரு சொல் பிழைத்தால், திருத்துவார் வீட்டில் எவருமிலர்.

பிழைத்ததும் உண்மை. 1544இல் தம் துணைவர் மான்சிலாஸ் என்பார்க்கு எழுதிய கடிதத்தில் சவேரியார் ஒரு திருத்தத்தைக் குறிப்பிடுகிறார். விசுவாச அறிக்கையில் 'விசுவசிக்கிறேன்' என்று சொல்லவேண்டிய இடத்தில் 'வேண்டும்' என்னும் பொருள்படும் சொல் ஓதப்பட்டு வந்தது. அதை மாற்றுக என்பது அவர் கட்டளை. எண்ணிப் பாருங்கள். எத்தனை குடிசைகளில் எத்தனை பிள்ளைகள் 'எனக்கு வேண்டும்' என்று ஓதினரோ! நம்புதல் வேறு, விரும்புதல் வேறு. இப்பிழை நெடுநாள் மறைந்திருந்தமைக்குக் காரணம் யாது? 'வேண்டும்' என்பது எல்லாரும் அறிந்த சொல். அறிந்த சொல்லைக் கேட்டு எவரும் பொருள் வினவுவதில்லை.

பின்வந்த ஆண்டிரிக்கி அடிகளார் 1547 முதல் இக்கடற்கரையில் வாழ்ந்து, தமிழுக்கு இலக்கணக் குறிப்பும் எழுதியவர். அவருடைய இரு நூல்களின் தலைப்புகளே அவர் சொல்தேர்ந்த முறைக்குச் சான்று. கடவுளைக் குறிக்கத் 'தம்பிரான்' என்னும் நாட்டு வழக்கைக் கொண்டார். புதிய சமயத்தாரைக் குறிக்கக் 'கிரிசித்தியானி' என்னும் அயற்சொல்லை அப்படியே நிறுத்தினார். பரிசுத்த ஆவியைக் குறித்த 'இஸ்பிரீத்து சாந்து' என்னும் போர்த்துக்கீசியத் தொடர் அண்மைக்காலம் வரை கத்தோலிக்க இல்லங்களில் வழங்கியது. செந்தமிழ்ச் செவிக்கு இது கரடுமுரடானதே. ஆயினும் அயற்சொல்லுக்கு ஒரு நன்மை உண்டு: கேட்ட குழந்தை 'அப்படியென்றால் என்ன?' என்று கேட்கும்.

அவ்வினாவுக்கு நூலில் இடமிருந்ததா என்பதே அடுத்த சோதனை. கிரிசித்தியானி வணக்கத்தின் மூலநூல் ஆசான் வினவ மாணாக்கன் விடைகூறும் அமைப்புடையது. மனப்பாடத்துக்கு இது பெருந்துணை. குறை என்னவெனில், பிள்ளை வாய்திறப்பது விடைசொல்லவே. வினவும் உரிமை அதற்கில்லை. லூதர் நூலிலோ ஒவ்வொரு பகுதிக்கும் பின் ஒரே குறுவினா, பொருள் யாதென்று, திரும்பத் திரும்ப வருகிறது. தந்தை கேட்பதாக அமைந்தாலும், குழந்தை வாயிலும் எளிதில் வரக்கூடிய வினா அது. இந்நூலைத் தமிழாக்கியவர் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு. அவரே திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் பயின்றவர் என்பது பொருத்தமானதே.

இவையெல்லாம் பழங்கதையல்ல. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், கத்தோலிக்க வழிபாட்டுத் தமிழ் பெரிதும் மாறிற்று. பூசை திருப்பலியாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, பிரியதத்தம் அருளாயிற்று, இஸ்பிரீத்து சாந்து தூய ஆவியானார். தமிழுக்கு இது ஆக்கமே. இம்மாற்றத்தைப் பழிப்பார் கூற்று நமக்கு உடன்பாடன்று. ஆனால் இல்லத்தில் நிகழ்ந்தது என்ன? பாட்டி பழஞ்சொல்லால் செபிக்கிறாள். பேரன் புதுச்சொல்லைக் கோயிலிலிருந்து கொண்டுவருகிறான். முத்துக்குளித்துறையிற் போலப் பிள்ளையே மீண்டும் வீட்டுக்கு ஆசானாகிறது. 'தூய ஆவி' என்று கேட்ட சிறுவனுக்கு இட்டலிப் பானையின் ஆவியும் பேய்க்கதையின் ஆவியும் நினைவுக்கு வரும். பொருள் தெரிந்துவிட்டதாக அவன் எண்ணிக்கொள்வான்; கேட்கமாட்டான்.

இதனினும் நுண்ணியது 'நம்பிக்கை' என்னும் சொல். பழைய கத்தோலிக்க வழக்கிலும் சீர்திருத்தச் சபையாரின் பழைய விவிலியத்திலும் மூன்று பண்புகள் விசுவாசம், நம்பிக்கை என்று தொடங்கும். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் விசுவாசம் நம்பிக்கையாகவும், பழைய நம்பிக்கை 'எதிர்நோக்கு' ஆகவும் மாறின. ஆகப் பாட்டி 'நம்பிக்கை' என்றால் வரவிருப்பதைக் காத்திருத்தல். பேரன் 'நம்பிக்கை' என்றால் இறைவனை ஏற்றுக்கொள்ளல். இருவரும் ஒரே பாயில் அமர்ந்து ஒரே சொல்லைச் சொல்லி வேறுவேறு பொருள் கொள்கின்றனர். 1544இல் திருத்தப்பட்ட அதே இடத்தில், நம்புவதற்கும் விழைவதற்கும் இடைப்பட்ட அதே எல்லையில், சொல் மீண்டும் நழுவுகிறது. இம்முறை மொழிபெயர்த்தோர் பிழைசெய்யவில்லை; வீட்டாருக்குச் சொல்லாமல் விட்டதே குறை.

பழஞ்சொற்களைக் காத்தல் எளிதே. இராசமாணிக்கம் அடிகளார் 1963இல் ஆண்டிரிக்கியின் நூல்களை மறுபதிப்பாக்கித் தந்தார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தனிநாயகம் அடிகளார், 1679ஆம் ஆண்டுத் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியை 1966இல் கோலாலம்பூரில் வெளிவரச் செய்தார். அறிஞர்க்கு வேண்டியது கிடைத்துவிட்டது. வீடுகளுக்குத்தான் இல்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மறைக்கல்வியை ஆங்கிலத்திற் பெற்று, பாட்டியோடு மட்டும் தமிழில் செபிக்கும் பிள்ளைகள் உளர். அவர்களிடம் இரண்டன்று, மூன்று சொற்கள் மோதுகின்றன. சிறுவர் மறைக்கல்வி நூல் எழுதுவோர், ஒவ்வொரு பாடத்தின் ஓரத்திலும் பழஞ்சொல்லையும் புதுச்சொல்லையும் அருகருகே அச்சிட்டு, 'இதைப் பாட்டியிடம் கேள்' என்றொரு வரி சேர்ப்பார்களாயின், அதற்காகும் செலவு ஒரு சாண் தாளுக்கு மேற்படாது.