பொத்தான் நகர்ந்தது, மோட்டார் ஓடியதா?

வீட்டிலுள்ள விளக்கு, விசிறி, தண்ணீர் மோட்டார் முதலியவற்றை ஒரே இணையப் பக்கத்தில் சேர்த்து வைத்து ஆளும் மென்பொருள்களுள் ‘ஹோம் அசிஸ்டன்ட்’ தலையாயது என்பதே என் அபிப்பிராயம். அதை மனமுவந்து பல மாதங்களாகத் திருவண்ணாமலையில் என் வீட்டில் ஓட்டி வருகிறேன். வேண்டியவன் என்ற உரிமையில்தான் அதன் ஒரே ஒரு குறையை இங்கே விஸ்தாரமாகச் சொல்லத் துணிகிறேன்.

2013-இல் பவுலஸ் ஸ்கவுட்சன் தொடங்கிய இந்தத் திறந்த மூல மென்பொருள், 2024 முதல் ஓப்பன் ஹோம் பவுண்டேஷன் என்னும் லாப நோக்கற்ற அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. மாதந்தோறும் புதிய பதிப்பு வருகிறது. ராஸ்பெர்ரி பை போன்ற ஒரு சிறு கணினி போதும். இவையெல்லாம் வாசகர்கள் அறிந்தவையே. ஆகையால் அவற்றை விட்டுவிட்டு அதனோடு குடித்தனம் செய்வது எப்படி என்பதற்கு வருகிறேன்.

முதலில் அதன் புகழைச் சொல்லிவிடுகிறேன். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுவதும் ஜனங்கள் நிறையும்போதும், அதிலும் விசேஷமாகக் கார்த்திகையில் மலையுச்சியில் தீபம் ஏறும் அந்த மாலை வேளையிலும், கைப்பேசி வைத்திருந்தும் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் பேச முடியாத நிலை ஏற்படுவதை இவ்வூரார் நன்கு அறிவார்கள். எங்கோ தூரதேசத்தில் இருக்கும் கணினியின் அனுமதி கிடைத்தால்தான் விளக்கை ஏற்றுவேன் என்னும் மலிவுச் செயலிகள் அந்த வேளையில் கையை விரித்துவிடும். ஹோம் அசிஸ்டன்டோ வீட்டு அலமாரிக்குள்ளேயே இருந்துகொண்டு வேலை செய்வதால், இணையம் அற்றுப்போனாலும் வீட்டு வைஃபை உயிரோடு இருக்கும்வரை அதன் பக்கம் திறக்கிறது, விளக்கு எரிகிறது. விருந்தாளிகள் நிறைந்த தீபத்தன்று இந்த ஒரு குணத்துக்காகவே அதன் மற்றக் குற்றங்களை மன்னித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியதுண்டு.

மன்னிக்க முடியாமல் எஞ்சி நிற்பது அதன் பொத்தான்.

அதன் பக்கத்தில் சாதனங்களை வரிசையாகக் காட்டும் பட்டியல் அட்டையில் உள்ள பொத்தானைத் தொட்டால், சாதனத்திடமிருந்து பதில் வருமுன்பே அது ‘ஆன்’ பக்கம் நகர்ந்துவிடுகிறது. இரண்டு விநாடிக்குள் சாதனம் தன் புதிய நிலையைத் தெரிவிக்காவிட்டால், ஏன் என்று ஒரு வார்த்தையும் சொல்லாமல் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. க்ஷணத்தில் எரியும் விளக்குக்கு இந்த ஏற்பாடு மிகவும் பொருத்தம்; ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கோ இது உபத்திரவம்.

எங்கள் வீட்டு ஏற்பாட்டைச் சொன்னால் விஷயம் விளங்கும். ஒரு ரிலே, ஸ்டார்ட்டர் பெட்டியின் பச்சைப் பொத்தானுக்குப் பதிலாக ஒரு கணம் அழுத்திவிட்டு விலகுகிறது. மோட்டாருக்குப் போகும் ஒயரைக் கவ்வியிருக்கும் கருவி எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்பதைச் சில விநாடிக்கு ஒருமுறை அறிவிக்கிறது. ரிலே சொல்வதை நம்பினால் என்ன என்று கேட்பீர்கள். மூன்று பேஸில் ஒன்று போய்விட்டிருந்தாலும், ஸ்டார்ட்டர் ட்ரிப் ஆகியிருந்தாலும், ரிலே தன் கடமையைச் செய்துவிட்ட திருப்தியில் ‘அழுத்திவிட்டேன்’ என்றே சாதிக்கும். மாடியில் தொட்டி காலியாகவே கிடக்கும். ஆகவே, மின்னோட்டம் பிரத்தியட்சமாகத் தெரிந்த பிறகே ‘ஆன்’ என்று சொல்லும்படி டெம்ப்ளேட் வகைச் சுவிட்ச் ஒன்றை அமைத்தேன். உண்மையை மட்டுமே பேச வேண்டும் என்று அந்தப் பொத்தானுக்கு நான் விதித்த நிபந்தனைதான் வினையாக வந்து முடிந்தது.

அம்மா பொத்தானைத் தொடுகிறாள். அது வலப்பக்கம் போகிறது. ஸ்டார்ட்டரின் டைமர் இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டு விநாடியில் பொத்தான் இடப்பக்கம் வந்துவிடுகிறது. “ஏண்டா, இது ஆன் ஆச்சா இல்லையா?” என்று கேட்டுக்கொண்டே அவள் மறுபடியும் விரலை வைக்கப் போகும் அதே நேரத்தில் கீழே மோட்டார் பிடித்துக்கொள்ள, ஆம்பியர் கணக்கு வந்து சேர, பொத்தான் தானாகவே ‘ஆன்’ ஆகிவிட, அவளுடைய விரல் அதை ‘ஆஃப்’ செய்துவிடுகிறது. மோட்டார் ஓர் உறுமலோடு நின்றுபோகிறது. நேராக ஸ்டார்ட்டரில் போடும் மோட்டார் கிளம்பும்போது ஓடும்போதைக் காட்டிலும் ஐந்தாறு மடங்கு மின்சாரம் இழுக்கும் என்பதும், இப்படிப் போட்டுப் போட்டு நிறுத்துவது வைண்டிங்குக்கு ஆகாது என்பதும் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர் எவரைக் கேட்டாலும் சொல்லும் சங்கதிகள்.

‘டைல்’ என்னும் புதிய பாணி அட்டையை வைத்துப் பார்த்தால் அது நேர்மாறான சுபாவம் உடையதாக இருக்கிறது: உண்மை நிலை மாறும்வரை நிறம் மாறாமல் மௌனம் சாதிக்கிறது. முன்னது அவசரக்காரன், பின்னது ஊமை. “கேட்டுக்கொண்டேன், பொறு” என்று சொல்பவர் இருவரில் ஒருவரும் இல்லை.

இதைச் செய்தவர்களுக்கு இந்த நுட்பம் தெரியாது என்று சொல்வதற்கும் இல்லை. கேட் அல்லது திரைக்குத் ‘திறக்கிறது’, ‘மூடுகிறது’ என்னும் இடைநிலைகளை அவர்களே கொடுத்திருக்கிறார்கள். பூட்டுக்கும் அப்படியே; தண்ணீர் வால்வுக்கும் அப்படியே. தன் நிலையைத் திருப்பிச் சொல்ல இயலாத சாதனமாக இருந்தால், நகரும் பொத்தானை எடுத்துவிட்டு இரண்டு மின்னல் குறிகளை வைத்து, “இது எரிகிறதா அணைந்ததா என்பதற்கு நான் ஜவாப்தாரி அல்ல” என்று நாணயமாக ஒதுங்கிக்கொள்ளவும் தெரிந்திருக்கிறது. இவ்வளவு யோசித்தவர்கள், சுவிட்ச் என்ற இனத்துக்கு மட்டும் ஆன், ஆஃப் என்ற இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் தானே வந்து விழும் ஊர்களில் மோட்டார் போடுவது அன்றாடக் காரியம் அல்லவே என்று நான் சமாதானம் செய்துகொள்கிறேன். அந்தச் சமாதானம் என் தொட்டியை நிரப்பவில்லை.

பரிகாரம் உண்டு, அது இந்த மென்பொருளுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. சுவிட்சைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, ‘ஸ்கிரிப்ட்’ ஒன்றை எழுத வேண்டும்: ஸ்டார்ட்டரை அழுத்து, ஆம்பியர் ஏறும்வரை காத்திரு, அரை நிமிஷத்தில் ஏறாவிட்டால் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பு. ஸ்கிரிப்ட்டின் இயல்பான அமைப்பில், ஒருமுறை ஓடிக்கொண்டிருக்கும்போது மறுமுறை வரும் கட்டளை புறக்கணிக்கப்படும். அட்டையைத் தொட்டால் ஸ்கிரிப்ட்டை ‘ஓட்டு’ என்பது மட்டும் நடக்கும்படி அமைத்துவிட்டால், அம்மா எத்தனை தடவை தொட்டாலும் மோட்டாருக்கு ஆபத்தில்லை. பக்கத்தில் ‘ஓடுகிறது’, ‘ஓடவில்லை’ என்று சொல்லும் சென்சார் ஒன்றைத் தனியாக வைக்கலாம், நிறுத்துவதற்கு வேறொரு அட்டை, அதில் “நிச்சயமா?” என்ற கேள்வியையும் சேர்க்கலாம். இப்படி அமைத்த பிறகு எங்கள் வீட்டில் சண்டை இல்லை. ஆனால் இவ்வளவு பாடுபட்டுத்தான் ஒரு மோட்டாரைப் போட வேண்டும் என்றால், சாமானிய ஜனங்களின் கதி என்ன?

மற்றக் குறைகள் சில்லறை. சாதனம் தொடர்பு அறுந்தால் சாம்பல் நிறமாகி நிற்பதோடு சரி, காரணம் சொல்லாது. பழைய விவரங்கள் தாமாகவே பத்து நாளில் அழிந்துபோகும். அந்த எண்ணை மாற்றிக்கொள்ளலாம். வீட்டாருக்கு நிர்வாகி அதிகாரம் இல்லாத தனிக் கணக்குக் கொடுப்பது நல்லது. இல்லாவிட்டால் பக்கத்தைத் திருத்தும் பென்சில் அவர்கள் கையிலும் அகப்படும். 2024 மார்ச் பதிப்பு முதல் அட்டைகளை விரலால் இழுத்து அடுக்க முடிகிறது. அதற்கு முந்தைய காலத்துச் சிரமத்தை அனுபவித்தவர்களே இதன் அருமையை அறிவார்கள். மோட்டாரைப் போட்டது அம்மாவா, தம்பியா, தானியங்கி ஏற்பாடா என்பதை நேரத்தோடு குறித்து வைக்கும் நடவடிக்கைப் பதிவு, கூட்டுக் குடும்பங்களுக்கு ஒரு வரப்பிரசாதம்.

முடிவாகச் சொல்வதானால், விளக்குக்கும் விசிறிக்கும் ஹோம் அசிஸ்டன்டைத் தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள்; இணையத்தை நம்பாத அதன் சுதந்திரம் ஒன்றே போதுமான காரணம். மோட்டாரை மட்டும் வெறும் சுவிட்சாக அதன் பக்கத்தில் வைக்காதீர்கள். ஸ்டார்ட்டரின் பச்சை, சிவப்புப் பொத்தான்களையும் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்க விடுங்கள். இதை உருவாக்குகிறவர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுதான்: கேட்டுக்கும் பூட்டுக்கும் கொடுத்த இடைநிலையைச் சுவிட்சுக்கும் கொடுங்கள், இரண்டு விநாடி என்ற கெடுவை அந்தந்தச் சாதனத்துக்குத் தக்கபடி நாங்களே வைத்துக்கொள்ள அனுமதியுங்கள்.